நடுவில் நுழைந்த ஒரு ‘ம’

போன வியாழக்கிழமை. பாடசாலை விட்டு வந்து பிளேன்டீ கோப்பையைக் கையில் எடுத்தேன், ஃபோன் கோல் வந்தது. என் தம்பி ரிஸ்வானின் மனைவி ஃபஸ்னா. சலாம் சொன்ன சூட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“மதினி, உங்கட தம்பி செஞ்ச அலாரத்தத் தூக்கிக் கடல்ல எறியப் போறன். பொறகு என்னைக் குத்தம் சொல்லப்படாது.”

ரிஸ்வான் ஆலங்குடாக் கடற்கரையில் கைட் சேர்ஃபிங் பழக்குகிறவன். பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் நின்று தண்ணீரில் ஓடுகிற விளையாட்டு. எந்தெந்த நாட்டுக்காரருக்கெல்லாமோ பழக்கிவிட்டான். வீட்டுக்காரிக்கு மட்டும் இரண்டு வருடமாகச் சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்தான். இந்த சீசனில்தான் ஒருவழியாக ஓம் என்றான் — அதுவும் நிபந்தனையோடு! காற்று திடீரென்று கூடினால் அடிக்கிற அலாரம் ஒன்றை அவனே செய்வான். அது அடிக்காத நேரம் பார்த்து அவள் தண்ணீரில் இறங்கலாம்.

செய்தும் விட்டான். கூரைமேல் காற்றை அளக்கிற கருவி, கீழே ஒரு பழைய லெப்டொப். ஆனால் அலாரம் அடிக்காத நேரம் என்று ஒன்று வரவே இல்லை. விடிந்தால் அடிக்கிறது, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தாலும் அடிக்கிறது...

“பழகின வெள்ளைக்காரங்க போறாங்க, வாறாங்க. நான் மட்டும் மூணு கிழமையா லைஃப் ஜக்கெட்டப் போட்டுக்கிட்டு கரையில நிக்கிறன். இது மெஷினா, இல்லாட்டி உங்கட தம்பிட தந்திரமா?”

“சும்மா சந்தேகப்படாதங்க. மெஷின் பொய் சொல்லாது” என்றேன். ஏன் அவ்வளவு உறுதி தெரியுமா? அந்த அலாரத்துக்குள் ஓடுகிற நூலகத்தின் தமிழ் வழிகாட்டியை எழுதியவள் நான்!

நூலகம் என்றால் புத்தகம் அடுக்கி வைக்கிற இடமில்லை. இதைச் சொல்லாமல் விட்டுத்தான், கனமூலையில் என் பக்கத்து வீட்டுக்காரர் “டீச்சர், நம்மட ஊருக்கு வாசிகசாலை கட்டப் போறீங்களாமே?” என்று சந்தோஷமாக விசாரித்தார். இது எண்களை வைத்து வகையீடு செய்கிற மென்பொருள் நூலகம். ஓபன் சோர்ஸ். யாரும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம்.

வகையீடா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் சின்னது. இப்போது காற்று எவ்வளவு? கொஞ்சம் கழித்து எவ்வளவு? ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, இடையில் போன நேரத்தால் பிரித்தால், காற்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் வித்தை இருக்கிறது. அது பெரிதானால், வரவேண்டிய காற்று வந்து அடித்துவிட்டுப் போயே போய்விடும். மிகச் சிறிதானால் கருவியின் சின்ன நடுக்கம்கூடப் புயலாகத் தெரியும். சரியான இடைவெளியைத் தேர்ந்தெடுக்கிற வேலையை நூலகம் பார்த்துக்கொள்ளும். கிடைக்கிற விடைக்கு நம் பாடப்புத்தகத்தில் பெயர் — பெறுதி.

ஃபஸ்னாவுக்குப் பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர, மனது கேட்கவில்லை. என் வழிகாட்டியை எடுத்து வாசித்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“நூலகம் இரண்டு விடைகளைத் தரும். முதலாவது பெறுமதி. இரண்டாவது பெறுமதி. ஆபத்தை அறிய, பெறுமதியைப் பார்த்து ஏமாறாமல் பெறுமதியைப் பார்க்கவும்.”

நான் எழுதியது இதுவல்ல! முதலாவது பெறுமதி, அதாவது அளந்த மதிப்பு, காற்றின் வேகம். இரண்டாவது பெறுதி, அந்த வேகம் மாறுகிற வீதம். எழுத்துப் பிழை பார்க்கிற மென்பொருளுக்குப் பெறுதியைத் தெரியவில்லை. சிவப்புக் கோடு போட்டு, ‘பெறுமதி’யா என்று கேட்டது. விடைத்தாள் திருத்துகிற அவசரத்தில் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அழுத்தியது யார்? இந்த டீச்சரம்மாதான்.

இதை வாசித்துத்தான் ரிஸ்வான் முதலாவதை எடுத்திருக்கிறான். மாற்றத்துக்கு வைத்த எல்லையைக் காற்றின் முழு வேகத்தோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? சோளகக் காற்று வீசுகிற காலத்தில் அலாரம் அடித்துக்கொண்டேதான் இருக்கும். பாவம் அந்தப் பெண்... மூன்று வாரம்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உடனே திருத்தி அனுப்பினேன். ஓபன் சோர்ஸில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிழை விட்டது யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எல்லாம் பதிவாகியிருக்கும். ஊர் வாய்கூட இவ்வளவு துல்லியமில்லை.

தம்பிக்கு எடுத்தேன். “பிழை என்னிலதான்டா. நீ ரெண்டாவது விடைய எடு.”

மெதுவாக, “அது தெரியும் ராத்தா” என்றான்.

“தெரியுமா?”

“மொத நாள் அடிச்ச நேரமே வெளங்கிட்டு. பெறுதிய ரெண்டு வருசம் படிப்பிச்சது நீங்கதானே.”

“அப்ப ஏன்டா திருத்தல்ல?”

“பயமா இரிக்கி ராத்தா. வேற ஆக்கள காத்து இழுத்துட்டுப் போனா, போட்டுல போய்ப் புடிச்சிருவன். அவள இழுத்தா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.”

ஏச வாயெடுத்தவள் நிறுத்திவிட்டேன். கோபம் பாதி, பாவம் பாதி. கட்டின நாளிலிருந்து இவன் கடலுக்குப் போக, அவள் கரையில் நின்று பார்த்தாள். இப்போது அவள் போக, இவன் நிற்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், நாம் பயப்படுவது எதற்கு? எவ்வளவு காற்றானாலும் பழகிவிடுகிறோம். சட்டென்று மாறினால்தான் கரைக்கு ஓடுகிறோம். பெறுமதிக்கு யாரும் பயப்படுவதில்லை. பெறுதிக்குத்தான்.

அதற்காக விட்டுவிட முடியுமா? “இண்டைக்கே திருத்து. அவளுக்கிட்ட நீயே உண்மையச் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்” என்றேன்.

சொன்னான். இரண்டு நாள் அவள் இவனோடு பேசவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை பாலாவியில் பஸ் மாறி ஆலங்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல காற்று, ஆனால் சீரான காற்று. அலாரம் மூச்சு விடவில்லை. ஃபஸ்னா கடலோரக் களப்புத் தண்ணீரில் இறங்கினாள். விழுந்தாள், எழும்பினாள், மறுபடி விழுந்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பலகையில் நிமிர்ந்து நின்று சர்ரென்று கொஞ்சத் தூரம் ஓடினாள். நான் சின்னப் பிள்ளைபோல் கை தட்டினேன். என் பக்கத்தில் தம்பி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “கையத் தளர்த்து! கவனம்! போதும், வா! காத்து கூடுது!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

அவள் கரையேறி வந்தாள். முகமெல்லாம் உப்பும் சிரிப்பும். இன்னும் கத்திக்கொண்டிருந்தவனைக் காட்டி என்னிடம் கேட்டாள்:

“மதினி, இந்த அலாரத்துக்கு சுவிட்ச் எங்க இரிக்கி?”