அரை விநாடி

எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் என்னோடு வேலை செய்யும் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். வைத்தது அவளுடைய அக்கா, பரப்பியது நான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன்பே "உப்பு கம்மி" என்பாள். வேலையில் மட்டும் கெட்டிக்காரி.

செவிலியர்கள் பார்க்கும் மருந்துப் பக்கம் அவள் எழுதியது. படுக்கை எண்ணைத் தட்டினால் சர்வரிலிருந்து பட்டியல் வரும். நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து அதில் இருந்தால் அந்த வரி சிவப்பாக வேண்டும். "பட்டியல் வந்ததும் என்னைக் கூப்பிடு, அப்புறம் சிவப்பாக்குகிறேன்" என்று எழுதுவதுதான் முறை. அதற்குக் கால்பேக் என்று பெயர். இவளோ அரை விநாடி கழித்துச் சிவப்பாக்கு என்று எழுதிவிட்டாள். சர்வர் எங்களுக்கு அடுத்த அறையில். கண்மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்துவிடும். சோதித்துப் பார்த்துத் தலையாட்டிய மகானுபாவன் நான்.

ஒரு நாள் காலை அவளுடைய அக்காவைக் கடும் காய்ச்சலோடு மூன்றாம் மாடியில் சேர்த்தார்கள். பென்சிலின் ஆகாது, சின்ன வயதில் அதனால் உயிர் போகப் பார்த்தது என்று தங்கைதான் பதிவு செய்யச் சொன்னாள். டாக்டர் அதற்கு முன்பே மருந்து எழுதிவிட்டிருந்தார்.

நாங்கள் பார்க்கப் போனபோது செவிலியர் ஊசியோடு நின்று எண்ணைத் தட்டினார். அந்த மாடியில் நெட் மந்தம். அரை விநாடி ஓடிப்போய், சிவப்பாக்க வரியே இல்லாமல் கட்டளை முடிந்த பிறகு பட்டியல் ஆடி அசைந்து வந்தது. இரண்டாவது வரி பென்சிலின். கறுப்பாகவே இருந்தது.

"சிஸ்டர், போடாதீங்க! அது அவளுக்கு ஆகாது!"

"சிவப்பு வரலையேம்மா."

"வராது. நான் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன்."

செவிலியர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏண்டி கத்துற, அவசரக்குடுக்கை" என்று அக்கா முனகினாள்.

தங்கை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "இந்த மருந்துப் பக்கம் எத்தனை மாசமா ஓடுது?"

"ஏழு."

தலைமை டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு, கீழே வந்து திருத்தினாள். நாலே வரி. மேலே சிவப்பு வந்துவிட்டதென்று செவிலியர் போனில் சொன்னார். பிறகு பழைய பதிவுகளைத் திறந்து, அரை விநாடிக்கு மேல் தாமதமாக வந்த பட்டியல்களை மட்டும் கேட்டாள். சிவப்பு வராமலே போயிருக்கக்கூடியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

நான் எழுந்து போக நினைத்தேன். ஆனால் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் முதல் பெயரில் விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திப் படிக்கத் தொடங்கினாள்.