வால்வுக்கு வைத்த பொட்டு

போன சனிக்கிழமை மதியம், பூந்தமல்லியில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு ஒரு கிடார் ஆம்ப்ளிஃபையர் வந்தது. பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்ட ரகம். பின்னாலேயே அதன் சொந்தக்காரன் தமீம். முகம் வாடிப்போயிருந்தது.

"அண்ணே, சாயங்காலம் திருமழிசைல ரிசப்ஷன். இது பாடலைன்னா என் இடம் காலி. கீபோர்டுலயே கிடார் பட்டன் கீதாம்."

சொன்னது யார்? கச்சேரிக் குழுவின் தலைவர் ஏகாம்பரம். அவரும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பட்டன் லீவு கேக்காதுப்பா. பிரியாணியும் கேக்காது" என்றார்.

கலைஞன்மேல் எவ்வளவு மரியாதை!

பின்பக்கத்தைத் திறந்தேன். ஒரு வால்வுக்கான ரெசிஸ்டர் கரிக்கட்டை. அளவைச் சொல்லும் வண்ணக் கோடுகள்கூடத் தெரியவில்லை. பரவாயில்லை... ஜோடி வால்வின் ரெசிஸ்டர் உயிரோடு இருந்தது. அதைப் பார்த்து மாற்றிவிடலாம்.

"டூப்ளிகேட் பார்ட்டு. போன வாரம்தான் அம்பத்தூர்ல மாத்துனோம். மறுபடி புட்டுக்கிச்சு" என்றார் ஏகாம்பரம்.

மாற்றியதும் எரிந்தால் குற்றவாளி ரெசிஸ்டரா? வால்வைப் பிடுங்கினேன். சாக்கெட்டில் ஏதோ காய்ந்து கருகியிருந்தது. முகர்ந்தேன். சந்தனம்!

"ஆயுத பூஜைக்கு வெச்சது" — ஏகாம்பரம் அண்ணன் குரலில் பெருமை. "மத்தவன்லாம் பொட்டி மேல வெப்பான். நான் தொறந்து, ஒவ்வொரு வால்வுக்கும் வெச்சேன். தோ, இவன்தான் டார்ச்சு புடிச்சான்."

தமீம் தரையைப் பார்த்தான். "பாக்க நல்லாத்தான் இருந்துச்சுண்ணே."

ஈரச் சந்தனம் சாக்கெட்டுக்குள் வழிந்து, கரண்ட் போகக் கூடாத வழியில் போயிருக்கிறது. நடுவில் நின்ற ரெசிஸ்டர் செத்தது. கெட்ட பெயரும் அதற்கே. ஆபீஸில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பக்திதான் எரித்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கடைக்கு வருபவரிடம் "உட்காருங்கள்" என்று சொல்லவே எனக்கு நா எழாது. "கொஞ்சம் தூசிண்ணே" என்று முனகிவிட்டு, சாக்கெட்டையும் ரெசிஸ்டரையும் மாற்றினேன்.

சுவிட்ச் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. தமீம் தன் கிடாரைச் சொருகிக் கம்பியைத் தட்டினான். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொழச்சிக்கினடா!" அண்ணனுக்கு ஒரே குஷி. என் சாமி படத்தடியில் இருந்த குங்குமத்தைக் குழைத்து எனக்கு ஒரு பொட்டு வைத்தார். அடுத்து அந்த ஈர விரல், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குள்...

"யோவ், கைய எட்ரா!"

கத்தியது நான்தான். மைக்கே இல்லாமல். தெருவே நின்றது. "மருவாதி, மருவாதி..." என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் கையை எடுத்தார்.

அன்று மாலை தமீம் வாசித்தான். கிடார் பட்டனுக்கு வேலை வரவில்லை. கீபோர்டு மட்டும் பொட்டில்லாமல் அனாதையாக நிற்கிறதே, அதற்கும் சந்தனம் வைக்கலாமா என்று அண்ணன் யோசிக்கிறாராம்.

நான் தடுக்கப்போவதில்லை.