யார் சொன்னது என்று சொல்லாத குணசேகரன்

நான் செய்த தவறைக் குணசேகரன் ஏன் தன்னுடையது என்று சொன்னார்? ஐந்து ஆண்டுகளாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. ஒரு முறை அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் போதவில்லை. இனி கேட்க முடியாது. இந்தக் குறிப்பில் அதற்கு விடை கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செய்தி திங்கட்கிழமை காலை வந்தது. தானா ராத்தாவில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், தண்ணீர் மாதிரிப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அவர் மனைவி வசந்தா எழுதியிருந்தார்: "அவர் தவறிட்டார். தூக்கத்திலேயே. வாங்க." கையில் இருந்த சீட்டை ஒட்டினேன். அடுத்த புட்டிக்கும் ஒட்டினேன். வரிசை முடிந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

உங்களில் பலருக்கு அவரை நேரில் தெரியாது. எஸ்டேட் மக்கள் பெயரில்லாமல் பேசும் அந்த இணையப் பக்கத்தை நடத்தியவர் என்றால் தெரியும். தேயிலை எஸ்டேட்டில், லயன் எனும் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து நிரலாளர் ஆனவர். பிரிஞ்சாங்கில் ஒரு விதைக் கடைக்கு மேல் மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. அங்கிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இணையப் பாதுகாப்பு வேலை செய்தார். "கதவு பூட்டியிருக்கான்னு தட்டிப் பாக்குறதுக்குச் சம்பளம்" என்று தன் தொழிலைச் சொல்லுவார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோப்பிக் கடையில், கேட்காமல் கொள்ளாமல் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் புட்டியை எடுத்து வைத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ இருந்தது.

"கெமிஸ்ட் நீங்கதானே? இது என்னான்னு சொல்லுங்க."

"தேத்தண்ணி," என்றேன்.

"குழாய்த் தண்ணி. மழை பெஞ்சா எங்க லயன்ல இதான் வரும். சீனி மட்டும் நாம போட்டுக்கணும்."

நான் சிரிக்கவில்லை. முறைப்படி எடுக்காத தண்ணீரைச் சோதிக்க முடியாது என்று விதியைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்போ முறையா எப்படி எடுக்குறது? சொல்லுங்க," என்று ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒவ்வொரு லயனிலிருந்தும் நான் சொன்னபடியே எடுத்த புட்டிகள், நேரம் எழுதிய சீட்டோடு வந்து சேர்ந்தன. இணையத்தில் எழுதி எதையும் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் பெரிதாக இல்லை. ஆனால் விதியைக் கேட்டு அதன்படி நடக்கும் மனிதருக்கு மறுப்புச் சொல்வது கடினம். அப்படித்தான் அந்தப் பக்கத்துக்குள் வந்தேன்.

அங்கே எனக்குக் கிடைத்தது தமிழ் வேலை. குணா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். அதன் பிறகு எல்லாம் மலாயும் ஆங்கிலமும். "என் தமிழுக்கு இன்னும் பன்னண்டு வயசுதான்" என்பார். மக்கள் பெரும்பாலும் குரல் பதிவாகவே அனுப்புவார்கள். அனுப்பியவரின் எண்ணோ நேரமோ எங்கும் தங்காதபடி அவர் பக்கத்தை அமைத்திருந்தார். கேட்டு எழுதியதும் பதிவு அழிந்துவிடும். இது எந்த நல்ல நிரலாளரும் செய்யக்கூடியதுதான். அவருடைய கவலை வேறு இடத்தில் இருந்தது.

"கம்ப்யூட்டருக்குத் தெரியாம ஒருத்தரை ஒளிச்சு வச்சிடலாம். எஸ்டேட்டுக்குத் தெரியாம முடியாது லா," என்றார். "இருமல் சத்தத்தை வச்சே யாருன்னு சொல்ற ஆளுங்க. பேசுற தோரணை தெரியாதா?"

ஆகவே எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். வசவு, பழமொழி, சாமி பெயர், கிண்டல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அரசாங்க அறிவிப்பைப் போல நான் எழுத வேண்டும். 'மூன்று நாட்களாகத் தண்ணீர் வரவில்லை. இரண்டு முறை தெரிவித்தோம்.' நான் எழுதியதை அவர் படித்துப் பார்ப்பார். இரண்டு பேர் பார்க்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது அவர் வைத்த விதி.

ஒரு நாள் உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் பழக்கூடையோடு மாடியேறி வந்தார். "நம்ம ஆளுங்கதானே குணா. யாருன்னு பேரை மட்டும் சொல்லுங்க, பேசித் தீத்துக்கலாம்," என்றார். குணா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். "தேடிப் பாருங்க. இருந்தா எடுத்துக்குங்க." அவர் உண்மையாகவே தேடினார். எதுவும் இல்லை. "அப்போ எல்லாத்தையும் நீங்களே கதை கட்டி எழுதுறீங்களா?" என்றார். "அப்படியே வச்சுக்குங்க," என்றார் குணா. அன்றிலிருந்து ஊரில் பலர் அப்படியேதான் வைத்துக்கொண்டார்கள். அவர் மறுத்ததில்லை.

இனி என் தவறு.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் தேர்தல் நெருங்கியபோது, வீட்டுடைமைத் திட்டத்தில் பெயர் சேர்க்கிறோம் என்று ஒரு வேட்பாளரின் ஆட்கள் லயன் லயனாக, நிரப்பித் தரச் சொல்லிப் பாரம் கொடுத்தார்கள். ஐசி எனும் அடையாள அட்டையின் போட்டோஸ்டேட், கைப்பேசி எண், வீட்டு எண் எல்லாம் கேட்டார்கள். குணா பிறந்த எஸ்டேட்டில் அவற்றை வாங்கிச் சேர்த்தவர் அங்கேயே வேலை வாங்கும் கங்காணி. பட்டியலை இணையத்தில் ஏற்றியவர்களுக்கு அதைப் பூட்டத் தெரியவில்லை. இணைப்பு கிடைத்த எவரும் திறந்து படிக்கலாம். குணா அதைக் கண்டுபிடித்து அவர்களுக்கு மூன்று முறை எழுதினார். வந்த ஒரே பதில்: "நீங்க எந்தக் கட்சி?"

அந்த வாரம் ஓர் அக்காவின் குரல் வந்தது. அவரை இங்கே அக்கா என்று மட்டுமே குறிப்பிடுவேன். ஓய்வு வயதைத் தாண்டியும் ஒப்பந்தத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். மானேஜரின் வாய்ச்சொல்லை நம்பி லயன் வீட்டில் இருந்தவர். பாரம் கொடுத்த நாளிலிருந்து போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிக்கொண்டு யார் யாரோ கூப்பிடுகிறார்கள், தன் ஐசி எண்ணைத் தனக்கே வாசித்துக் காட்டுகிறார்கள் என்றார். கடைசியில், தேயிலைச் செடியின் உயரத்தையும் தங்கள் வாழ்க்கையையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொன்னார். மிக நல்ல வாக்கியம். அதை இரண்டாம் முறை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

அதை நான் நீக்கவில்லை. உண்மையான குரல் ஒரு முறையாவது வெளியே கேட்கட்டும் என்று அன்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சிறியது. ஒரே மாதிரி எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போயிருந்தது. குணா கண் பரிசோதனைக்கு ஈப்போ போயிருந்தார். அவர் திரும்பும்வரை காத்திருக்காமல் நானே வெளியிட்டேன்.

மாலைக்குள் அந்த ஒரு வாக்கியம் எங்கெங்கோ போய்விட்டது. எங்கள் பக்கத்தில் வந்த எதுவும் அதுவரை அப்படிப் பரவியதில்லை. எஸ்டேட் கடையில் ஒருவர் அதைக் கைப்பேசியிலிருந்து சத்தமாகப் படித்தாராம். பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டார். "அட, இது நம்ம அக்கா பேச்சுல்ல! கொழுந்து நிறுக்கிற இடத்துல தெனம் சொல்லுமே." கங்காணியும் அங்கேதான் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மானேஜரின் வாய்ச்சொல் மாறியது. வீட்டைக் காலி செய்யும்படி அக்காவுக்குக் கடிதம் வந்தது.

அக்கா பிரிஞ்சாங்குக்கு வந்து அந்த மாடிப்படியை ஏறினார். நானும் அறையில் இருந்தேன். அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பத்திரமா ஒளிச்சு வைப்பேன்னு சொன்னியே, இதான் நீ ஒளிச்சு வைக்கிற லட்சணமா? என் புருசன் செத்த வீடுடா அது! என் பொண்ணு பொறந்த வீடு!"

குணா எழுந்து நின்றார். "தப்பு என்னோடதுதான்கா."

"யாருடா அதை அப்படியே எழுதுனது?"

"நான்தான்கா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க மிஸ். பக்கத்துல உக்காந்துக்கிட்டு இந்த மடையனுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரக்கூடாதா?"

நான் வாய் திறக்கவில்லை.

வீட்டைக் காலி செய்த நாளில் குணா லோரி பிடித்துக்கொண்டு போனார். அக்கா அதில் ஒரு பாத்திரத்தைக்கூட ஏற்ற விடவில்லை. மகள் வீட்டுக்கு, ரிங்லெட்டுக்குப் போய்விட்டார்.

சில நாள் கழித்துத்தான் அவரிடம் கேட்டேன். "பூட்டு ஒடைஞ்சா பூட்டு செஞ்சவன்தான் பதில் சொல்லணும்," என்றார். நிரலாளர் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் பூட்டு உடையவில்லை. உள்ளே இருந்த நான்தான் திறந்து வைத்தேன். அது அவருக்கும் தெரியும். என்னைக் காப்பாற்றினாரா, பக்கத்தைக் காப்பாற்றினாரா, அந்த அவமானத்தை நான் தாங்கமாட்டேன் என்று கணித்தாரா? எனக்குத் தெரியவில்லை. அவர் பிறந்த எஸ்டேட்டிலிருந்து அதன் பிறகு ஒரு குரலும் எங்களுக்கு வரவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஓர் ஆண்டு போனார். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வசந்தா சொன்னார். அடுத்த ஆண்டிலிருந்து போகவில்லை.

செவ்வாய்க்கிழமை இறுதிச் சடங்குக்கு நான் நினைத்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். வசந்தா என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "இவங்கல்லாம் யாரு? எப்படிப் பழக்கம்னு கேட்டா, சும்மா தெரியும்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சிக்கிறாங்க." எனக்கும் அவர்களைத் தெரியாது. குணாவை எப்படித் தெரியும் என்று அவர்கள் சொன்னால், அந்தப் பக்கத்தில் எப்போதோ பேசியவர்கள் என்று தங்களையே காட்டிக்கொடுத்ததாகிவிடும். சாவு வீட்டிலும் அவர்கள் அவர் சொல்லிக்கொடுத்தபடியே நடந்துகொண்டார்கள்.

அவர் பிறந்த எஸ்டேட்டிலிருந்து உறவினர் இருவர் மட்டும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "நல்ல மனுசன்தான். ஆனா ஒரு வயசான பொம்பளையைத் தெருவுக்கு அனுப்பின பாவம் ஒண்ணு இருக்கு லா." அப்போதும் நான் பேசவில்லை. இரண்டாம் முறை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன? அவருடைய நிரல்கள் எனக்குப் புரியாது. அந்தப் பக்கத்தின் எதிர்காலத்தை வசந்தாதான் முடிவு செய்ய வேண்டும். நான் வைத்துக்கொள்வது ஒரு வரிசை. எங்காவது ஓட்டை இருப்பது தெரிந்தால், யாருக்கு அதனால் கேடோ அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும். அடைக்க வேண்டியவரிடம் அடுத்து. ஊருக்குக் கடைசியில். பாரம் விஷயத்தில் அப்படித்தான் செய்தார். எழுதிப்போட்டிருந்தால் ஒரே நாளில் பெயர் வாங்கியிருக்கலாம். அதைச் செய்யாமல், முதலில் வீடு வீடாகப் போய் உங்கள் எண் வெளியே கிடக்கிறது என்று சொன்னார். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், கடைசியில் கேட்க வேண்டிய உங்களுக்கு நான் முதலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதை இன்று வெளியிடவில்லை.

மேலே உள்ளதைப் புதன்கிழமை எழுதினேன். மறுநாள் ரிங்லெட்டுக்குப் போனேன்.

அக்கா பின்கட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை நீளமாகத் தயாரித்து வைத்திருந்தேன், ஒன்றும் உதவவில்லை. "அந்தப் பேச்சை வெளிய விட்டது குணா இல்லக்கா, நான். அன்னிக்கு அவர் ஊர்லயே இல்ல," என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "நான் வந்து கத்துனப்ப?"

"அங்கதான் இருந்தேன்."

"பாத்தேனே. பாவம், நல்ல பொம்பளை, பயந்துபோய் உக்காந்திருக்குன்னு நெனச்சேன்." இப்போது கை நின்றது. "அஞ்சு வருசமா அந்த மனுசனைத் திட்டாத நாள் இல்ல. சாமி கும்பிடுறப்பகூட ஒரு வார்த்தை சேத்துத்தான் கும்பிட்டேன். இப்ப அத்தனையும் எடுத்து உன் மேல போடச் சொல்றே. எனக்கு வயசாச்சு லா."

இதை எழுதி வெளியிடலாமா என்று கேட்டேன்.

"எழுதாம? அவரு பேரு கெட்டது ஊர் பூரா. நல்லாகுறது உன் நெஞ்சுக்குள்ளயா?"

"உங்க பேரைப் போட மாட்டேன்க்கா."

"போடாதே. ஒரு தடவை போட்டது போதும்." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போ. எனக்கு வேலை கெடக்கு."

காரை எடுக்கும்போது அவர் மகள் வாசலிலிருந்து ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். "அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க, கருமக்கிரியை என்னைக்குன்னு."

நாளையும் நேரத்தையும் சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.