முன்பாய்க்கு ஆறு நூல்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது யார் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அவர் இப்போது பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. ஒரு எழுத்தை எழுதிவிட்டு, அது நிற்கிறதா சாய்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போகும். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

என் கடைசி மகள் கொச்சியில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், சரி என்று விட்டோம். சொந்த வீடு வாங்கு என்றோம், அவள் படகு வாங்கினாள். பழைய பாய்மரப் படகு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு உண்டு, கை கழுவ ஒரு தொட்டி உண்டு. என் அடுப்படியில் பொடி டப்பா அடுக்குகிற அலமாரி அளவுதான் அந்தச் சமையலறை. ஆனால் ஒரு பாத்திரம் கூட உருளாதபடி தடுப்பு வைத்திருந்தாள். யார் பெற்ற பிள்ளை!

என் வீட்டுக்காரருக்குப் படகு என்ற சொல்லே ஆகாது. ராஜபாளையத்தில் பிறந்து, ராஜபாளையத்திலேயே பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. கோவிலில் யாராவது மகளைப் பற்றி விசாரித்தால், "ஒரு வண்டி வாங்கியிருக்கா" என்று முடித்துக்கொள்வார்.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் காரில் வந்து இறங்கினாள். பின் சீட்டில் பெரிய வெள்ளைத் துணி மூட்டை. படகின் முன்னால் விரிகிற பாயாம், முன்பாய் என்றாள். ஓரத்தில் ஒரு முழம் கிழிந்திருந்தது. கொச்சியில் தைக்கக் கொடுத்தால் ஒரு மாதம் ஆகும் என்று இங்கே கொண்டு வந்துவிட்டாள்.

பண்டிகைச் சாப்பாட்டில் அவர் ஆரம்பித்தார். "தண்ணிக்குள்ள உனக்கு என்னட்டி சோலி? வித்துரு."

"வாங்க ஆள் இருக்குப்பா. வித்துருதேன்."

அவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள். "ஒரு தடவ வந்து ஏறி உக்காருங்க. எறங்குன பொறவும் வித்துருன்னு சொன்னீங்கன்னா, மறுநாளே வித்துருதேன். பேச்சு பேச்சுதான்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்துவிடுவாள். அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது என்று ஊர் சொல்லும். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, அதன் பிறகு அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை ஒன்று உண்டு. அங்கே கொடுத்துத் தைத்து வாங்கினோம். கடைக்காரர் பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது எந்த லாரிக்கு?" என்று கேட்டார். "அது பெரிய லாரி" என்றார் என் வீட்டுக்காரர். தையல் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து மொட்டை மாடியில் விரித்தோம். மகள் தன் சிநேகிதியைப் பார்க்க வெளியே போனாள். நான் கீழே மாவு அரைக்கப் போனேன்.

திரும்பி மாடிக்கு வந்தால், அவர் பாயின் மேல் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சின்னக் கத்திரி, பக்கத்தில் மண்ணெண்ணெய் நனைத்த துணி.

"என்ன செய்தீய?"

"இம்புட்டு வெல குடுத்து வாங்குன துணியில பிசிறு தொங்குது பாரு. செவப்பும் பச்சையுமா. எவனோ ஸ்டிக்கர் வேற ஒட்டி வச்சிருக்கான். எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்ப பாரு, எப்படி இருக்கு!"

துணி செக்கர் அல்லவா. கம்பெனியில் நாள் முழுக்கத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பிசிறு எடுத்த கை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டையில் நூல் தொங்கினால்கூட மேடை ஏறிப் பிய்த்துவிட்டுத்தான் கை கொடுப்பார். எனக்கும் அன்று தப்பாகத் தோன்றவில்லை. பாய் வெள்ளை வெளேரென்று இருந்தது. இருவருமாக மடித்து மூட்டை கட்டினோம்.

புது வருடம் பிறந்ததும் அவளோடு கொச்சிக்குப் போனோம். படகில் ஏறும்போது அவர் மப்ளரை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டினார். அந்த மப்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் வாங்கிய கம்பளி மப்ளர், குங்குமப்பூ நிறம் என்பார் அவர், எனக்குச் செங்கல் நிறமாகத்தான் தெரியும். டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது அதைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் நின்று பாடுவார். அதை நான் துவைக்கக்கூடாது. யாரும் தொடக்கூடாது.

"கொச்சி வெயில்ல மப்ளர் எதுக்கு?" என்றேன்.

"காதுல காத்து போயி தலவலி வந்தா நீயா பொறுப்பு?"

கரையில் மகள் முன்பாயை மாட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் விடாமல் கேள்வி கேட்டார். இது கவிழுமா? எம்புட்டு ஆழம்? என்ஜின் நின்னுட்டா? பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்திருக்கும். பாயை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை.

காயல் நடுவுக்கு வந்து முன்பாயை விரித்தாள். விரித்ததும் மேலே பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"நூல எங்கம்மா?"

"என்ன நூலு?"

"பாயில ரெண்டு பக்கமும் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். காத்து கண்ணுக்குத் தெரியாதுல்லா? அந்த நூலு பறக்கதப் பாத்துத்தான் கயித்த இழுக்கணுமா விடணுமான்னு முடிவு பண்ணுவேன். அது இல்லாம எனக்கு இன்னும் சரியா வராது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தூரத்தில் ஒரு கப்பலைப் பார்த்தார்.

சரியாக வரவில்லைதான். கயிற்றை இழுத்தால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நகராமல் தண்ணீரோடு மல்லுக்கட்டியது. விட்டால் பாய் படபடவென்று அடித்தது, யாரோ மேலே நின்று போர்வை உதறுகிற மாதிரி. அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கா இம்புட்டு செலவு?" என்றார். மகள் கயிற்றை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். இப்படியே கரைக்குப் போனால் அவர் என்ன சொல்வார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"அந்தத் தார்ப்பாய்க்காரர் வேலதான் இது," என்றாள் கடைசியில். "தைக்கும்போது பிச்சுப் போட்டுருக்காரு. கரைக்குப் போயி போன் போட்டு நல்லாக் கேக்குதேன்."

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். நானும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிப்பார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அவள் என்ஜினைப் போட்டு, ஆழமில்லாத இடத்துக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டாள். பாயை இறக்கி மேல்தளத்தில் விரித்தாள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பிளாஸ்திரி எடுத்தாள். பெட்டிக்குள் இருந்த பேண்டேஜ் சுருளை அவர் எடுத்து விரலால் நெருடிப் பார்த்து, "நம்ம ஊர்த் துணி" என்றார். அந்த நேரத்திலும்!

"ஒட்ட பிளாஸ்திரி இருக்கு. நூலுதான் இல்ல," என்றாள். "பருத்தி நூல் ஈரம் குடிச்சு ஒட்டிக்கிடும். கம்பளிதான் வேணும். இந்த ஊர்ல கம்பளிக்கு எங்க போக?"

நானும் அவளும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம். அவர் மப்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஏங்க," என்றேன், "முனையில பிசிறு தொங்குதே. எடுத்துரட்டுமா?"

அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு கழுத்திலிருந்து அதைக் கழற்றி என் மடியில் போட்டார். "கொஞ்சமா எடு," என்றார்.

கொஞ்சமாகத்தான் எடுத்தேன். ஆனால் கம்பளி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரு வரிசையே உருவிக்கொண்டு வருகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

மகள் ஒரு நூலை ஒட்டப் போனாள். "இங்கனதான் இருந்துச்சுன்னு நெனைக்கேன்."

"அங்கன இல்ல," என்றார் அவர். "ஒரு சாண் மேல."

அவள் மேலே தள்ளி ஒட்டினாள். அடுத்ததை எடுத்தாள்.

"அது தையலுக்குப் பக்கத்துல. இன்னும் செத்த உள்ள வா. ஆங். மேல உள்ளது அந்த மடிப்புக்கு நேரா. இந்தப் பக்கம் செவப்பு, அந்தப் பக்கம் பச்ச இருந்துச்சு."

மகளின் கை நின்றது. "உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

அவர் காதைத் தடவினார். மப்ளர் இல்லாத காது சிவந்திருந்தது.

"எல்லாம் பாத்து வச்சதுதான்," என்றார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு போன் போடணும்னு சொன்னியேட்டி," என்றேன் நான் மகளிடம். அவள் பாயில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சாப்பாட்டில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி பாய் ஏறியது. சுக்கானை அவள் பிடித்துக்கொண்டு, கயிற்றை அப்பா கையில் கொடுத்தாள். உள்பக்கத்து நூல் மேலே துள்ளினால் கயிற்றை இழுக்கணும். வெளிப்பக்கத்து நூல் ஆடினால் விடணும். இரண்டும் படிய வாரின தலைமுடி மாதிரி பின்னால் போனால் சரி. அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் நூலைப் பார்த்தார். கம்பெனியில் துணி பார்த்த அதே பார்வை, கண்ணை இடுக்கி, கழுத்தைச் சாய்த்து. இழுத்தார், ஒரு விரல்கடை விட்டார், மறுபடி இழுத்தார். கீழே இருந்த நூல் படிந்தது. நடுவில் இருந்ததும் படிந்தது. உச்சியில் உள்ளது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"மேல உள்ளது அடங்க மாட்டேங்குது. என்ன கோளாறு?"

அந்தக் கயிறு போகிற கப்பி, துளை போட்ட ஒரு சின்னத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். மகள் அதை ஒரு துளை முன்னால் நகர்த்தினாள். உச்சி நூலும் படிந்தது.

அப்போது ஒன்று நடந்தது. சத்தம் நின்றுவிட்டது. படபடப்பு இல்லை, மல்லுக்கட்டு இல்லை. படகு லேசாகச் சாய்ந்து, தண்ணீரை விலக்கிக்கொண்டு போனது, துணியில் கத்திரி சீராக ஓடுகிற மாதிரி. நான் என் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகள், "கை வலிக்கும்பா, தாங்க" என்றாள்.

"நீ சுக்கானப் பாரு. நூல நான் பாத்துக்கிடுதேன்."

காதில் காற்று போய்க்கொண்டே இருந்தது. தலைவலி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

கரைக்கு வந்தோம். அவள் கயிறுகளைக் கட்டினாள், உறை போட்டாள், எல்லா வேலையையும் முடித்தாள். பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "என்னப்பா, வித்துரவா?"

அவர் சுருட்டி வைத்த பாயைப் பார்த்தார். உள்ளே இருக்கிற ஆறு நூலையும் பார்த்த மாதிரி இருந்தது.

"வேண்டாம்," என்றார். "வாங்குதவன் வெவரம் தெரியாம, பிசிறுன்னு நெனச்சுப் பிச்சுப் போட்டுருவான்."

அவள் குனிந்து அவர் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

ஊருக்கு வந்த மறு வாரம் அவர் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அந்தத் தார்ப்பாய்க் கடையில் ஸ்கூட்டருக்கு ஒரு உறை தைத்துக்கொண்டு வந்தார். ஸ்கூட்டரை விற்று வெகுகாலம் ஆகிறது. உறை நன்றாக இருக்கிறது, இப்போது கிரைண்டருக்குப் போட்டிருக்கிறேன்.

இந்த டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு அதே மப்ளரைத்தான் கட்டிக்கொண்டு போனார். சுற்றிக் கட்ட நீளம் போதாமல் ஒரு காது வெளியே தெரிந்தது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம், "கப்பல்ல உள்ள காத்துக்கு அளவு பாக்க ஆறு நூல் குடுத்தேன்" என்றாராம். கொடுத்தாராம்!

பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். ஏட்டி, கைய கழுவிட்டு இங்கன வா. இத மொதல்ல இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. எழுத்து தப்பா இருந்தா மெதுவாச் சொல்லு. மப்ளர் வார எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி, தாத்தாவுக்குப் பேப்பர் மறைக்குது.