ஒலிபெருக்கி சொன்ன பெயர் சுகந்தி அக்காவுடையதல்ல

ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கல்லடி வீதிகளில் மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போனார்கள். ஓர் ஆணின் பெயர். யாரோ பாவம் என்று நினைத்தபடி துணி வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு அடையாளம் சொன்னபோதுதான் கை நின்றது. அது சுகந்தி அக்காவின் வீடு. முதல்நாள் பின்னேரம் என்னோடு பேசிய மனுசி செத்துப்போனார் என்பதை, பாதி ஆயுளைச் செலவழித்து அவர் உதறிய ஒரு பெயரால் அறிந்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

ஒரே தையற்கடையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் இருந்தவர்கள் நாங்கள். அவர் ஆண் என்று ஊர் சொல்லும். "நான் பெண்" என்று அவர் சொல்வார். அவரைப் பற்றி அவருக்குத் தெரியாததா ஊருக்குத் தெரியப்போகிறது? சட்டைக்கு அளவு கொடுக்க வரும்போது "அக்கா", வீதியில் கண்டால் வாயில் வைக்கக் கூசும் வேறொரு சொல். பலருடைய வழக்கம் அப்படித்தான் இருந்தது.

கடல் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, பள்ளிக்கூட முகாம் ஒன்றில் இருந்தோம். உடுப்புக் கொடுக்க ஆண்களையும் பெண்களையும் தனித்தனி வரிசையில் விட்டார்கள். பெண்கள் வரிசையில் நின்ற அக்காவை ஒரு தொண்டர் கையைப் பிடித்து இழுத்தார். "ஏன் தம்பி, ஆம்பிளையா பொம்பிளையா எண்டு பாத்தா கடல் அடிச்சது?" என்று கேட்டார் அக்கா. முகாமே சிரித்தது. மகளைக் கடலுக்குக் கொடுத்திருந்த புவனம் மாமி அன்றுதான் முதன்முதலில் சிரித்தார். அக்காவுக்கு ஒரு சேலை கிடைத்தது.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "விடுகா, சிரிக்கிறவன் அந்த நேரத்தில சுடமாட்டான்" என்பார்.

யுத்தம் முடிந்தபின் இந்தியத் தொலைக்காட்சியில் 'திருநங்கை' என்ற சொல்லைக் கேட்டோம். மரியாதையான சொல் என்று எனக்குச் சந்தோஷம். அக்கா கொஞ்சம் யோசித்தார். "நல்ல சொல்லுதான். மேடையில சொல்லட்டும். எனக்குச் சுகந்தி எண்டு கூப்பிட்டாக் காணும்."

கடலும் யுத்தமும் விட்டுவைத்தவரைக் காய்ச்சல் கொண்டுபோனது. ஆசுப்பத்திரிக்கு வாங்க என்று கெஞ்சினேன். "அங்க அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவாங்க. ஆம்பிளைகள்ற வாட்டில போடுவாங்க. என்னால ஏலாது புள்ள, நாளைக்குப் பாப்பம்" என்றார். முன்பு வெளியூர் ஆசுப்பத்திரி ஒன்றில் அவருக்கு அப்படி நடந்திருந்தது. நாளைக்கு ஒலிபெருக்கிதான் வந்தது.

செத்தவீட்டில் அவரை வேட்டி சட்டையில் கிடத்தியிருந்தார்கள். ஆசையாக வளர்த்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பெண்கள் ஒப்பாரியைத் தொடங்க, அக்காவின் தம்பி குறுக்கே வந்தார். "ஆம்பிளைக்கு அழுறமாதிரி அழுங்க" என்றார். புவனம் மாமிதான் எழுந்தார். "நான் ஆருக்கு அழுறன் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நீ சொல்லித் தராத." பிறகு "என்ட மகளே" என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அக்கா, தங்கச்சி, மச்சாள் என்று அவரவர் முறை சொல்லி அழுதார்கள். வீதியில் ஒருநாளும் அப்படிக் கூப்பிடாதவர்களும் அழுதார்கள். தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்.

அக்காவைத் தெரிந்தவர்களே, உயிரோடு இருந்தபோது அந்த முறைசொல்லில் கொஞ்சமாவது அவர் காதில் விழுந்திருந்தால், அன்று என்னோடு ஆசுப்பத்திரிக்கு வந்திருப்பார். ஒரு பெயரைக் கேட்கப் பயந்து ஒருவர் செத்துப்போவார் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. புதிதாக ஒருவரைக் கூப்பிட வாயைத் திறக்கும்போது இப்போது எனக்கு ஒரு பயம் வருகிறது. சுகந்தி அக்காவின் நினைவாக அந்தப் பயத்தை வைத்துக்கொள்கிறேன்.