டாப்ஸன் சேர் எரித்த பற்றுச்சீட்டு

1. சாம்பல்

இத்தாலியின் பலெர்மோவில் வீட்டுவேலை செய்த பதினோரு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் நான் முதலாளியின் முன்னால் குரலை உயர்த்தியிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். குசினி மேசையில், கோப்பிக் கோப்பை வைக்கும் தட்டில், நான்கு காகிதங்களின் சாம்பல் கிடந்தது.

அவற்றில் ஒன்று என் பெர்மெஸ்ஸோவின் பற்றுச்சீட்டு. பெர்மெஸ்ஸோ என்பது இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி என்று இங்குள்ள எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னுடையதைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அன்று பன்னிரண்டு மணிக்கு முன் அந்தச் சீட்டைக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் காட்டிப் புதியதை எடுக்க வேண்டும். மறுநாள் அதன் பிரதியைக் கொழும்புக்கு பக்ஸில், அதாவது தொலைநகலில், அனுப்ப வேண்டும். தவறினால், அங்கே காத்திருக்கும் என் மனைவி புஷ்பத்தின் விசா விண்ணப்பம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாங்கள் பிரிந்து அப்போது நான்கு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது.

மற்ற மூன்றும் அந்தச் சீட்டின் பிரதிகள். மூலம் தொலைந்தாலும் பிரதி இருக்கும் என்று எடுத்தவை. நான்கையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தது என் பிழை. ஐந்தாவது தடவையாகச் சரிபார்க்க உறையை மேசையில் வைத்தேன். அடுப்பில் கோப்பி பொங்கியது. அதைப் பார்க்கத் திரும்பி, பிறகு முதலாளி டாப்ஸன் சேரின் மருந்துக் குளிசைகளை எண்ணி எடுத்துவர உள்ளே போனேன். எல்லாமாக ஆறு நிமிடம்.

“சேர், என்ன செய்திருக்கிறியள்?”

“உம்மைக் காப்பாத்தியிருக்கிறன்” என்றார் டாப்ஸன் சேர். “பொலிஸ் முத்திரை, உம்மடை பேர், பிறந்த திகதி, விலாசம். எல்லாம் ஒரே துண்டிலை, சாப்பிடுற மேசையிலை. ஆரும் இப்பிடி வைப்பினமோ?”

“அது நான் பொலிசிட்டைக் குடுக்கவேண்டிய துண்டு!”

“பொலிசுக்கோ? அப்ப இன்னும் மோசம்.”

“மூண்டு பிரதியும் இருந்தது, சேர்!”

“கண்டனான். அனுபவமில்லாத ஆக்கள்தான் பிரதி எடுக்கிறவை.”

பிளாஸ்டிக் உறையை மட்டும் எரிக்காமல் மடித்து வைத்திருந்தார். எரித்தால் மணக்குமாம்.

சேர் பேசியது ஆங்கிலம். நான் அதை எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன்.

2. சேர் யார்

பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் நாலாம் மாடி வீடு. லிப்ற் இல்லை. ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு படி, எட்டு வரிசை, மொத்தம் தொண்ணூற்றாறு. நான் வேலைக்குப் போன முதல் நாள் அதில் ஏறி மணியை அடித்தேன். திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். நாற்பது நிமிடம் வாசலில் நின்றேன். கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னது: “ரெண்டு சின்னன், நாலு எண்ணும், பிறகு ஒரு நீட்டு.” அப்படி அடித்தேன். கதவு திறந்தது. உள்ளே பைஜாமாவும் கழுத்துப்பட்டியும் அணிந்த எழுபத்தாறு வயது வெள்ளைக்காரர் நின்றார்.

இரண்டாம் உலகப்போரில் அவர் ஆங்கிலேயப் படையில் சாதாரணச் சிப்பாய். பிரான்சில் பிடிபட்டு, ஜெர்மன்காரர்களால் போலந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, உருளைக்கிழங்கு கிண்டப் போன இடத்தில் தப்பியவர். போலந்துக்காரர் ஒளித்து வைத்தார்கள். பிறகு அவர்களுடைய இரகசிய இயக்கத்தில் சேர்ந்து வார்சோவில் தகவல் கடத்தும் வேலை செய்தார். போலந்து மொழி சரியாக வராததால் ரயிலில் செவிட்டு ஊமையாக நடித்துப் போவாராம். போர் முடிந்து ஒரு சிசிலித் தாதியைக் கலியாணம் செய்து இங்கே வந்து, ஒரு கப்பல் கொம்பனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றார். மனைவி இறந்துபோனார். மருந்துக்கடை வைத்திருந்த ஒரே மகள்தான் என்னை வேலைக்கு வைத்தவர்.

“என்ன வேண்டுமானாலும் செய். அப்பாவைத் தனிய மட்டும் விடாதை” என்று, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் அந்த மகள் முதல் நாளே சொல்லியிருந்தார்.

போர் முடிந்த செய்தி சேருக்குத் தெரியும். ஆனால் பழக்கங்களுக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை. வாசித்த காகிதத்தை எரிப்பார். மின்சார பில் இரண்டு தடவை, பங்குக் கோயிலின் அழைப்பிதழ் ஒரு தடவை, மகளின் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் ஒவ்வொரு வருடமும். எரிக்க முன் ஒரு நிமிடம் கண்ணை மூடுவார். பிரார்த்திக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

காலுக்குப் பயிற்சி வேண்டும் என்று வைத்தியர் சொன்னதால் தினமும் ஒரு தடவை படியால் இறங்கி ஏறுவோம். அவர் படிகளைப் போலந்து மொழியில் எண்ணுவார். யெடன், த்வா, த்ஷி, ச்தெரி. வரிசை முடிந்ததும் மறுபடி யெடன். நான் பக்கத்தில் தமிழில் எண்ணுவேன். இரண்டு வருடம் அப்படி இறங்கி ஏறினோம்.

3. ஒப்பந்தம்

அன்று காலை சேர் முதலில் ஒரு மாற்று வழி சொன்னார்.

“ரெண்டு நாள் தாரும். நானே புதுசு செய்து தாறன். நல்ல மை வேணும். வேறை துண்டிலையிருந்து முத்திரையை உருட்டி எடுக்க ஒரு அவிச்ச முட்டை காணும்.”

ஊரில் பத்தொன்பது வருடம் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் லிகிதராக இருந்தவன் நான். ஒரு கள்ள முத்திரை என் கையால் போனதில்லை. அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து முட்டை இருக்கிறதா என்று பார்த்தும்விட்டார்.

“வேண்டாம் சேர். தயவுசெய்து வேண்டாம்.”

“அப்ப நான் வந்து வாயாலை சொல்லுறன். எல்லாம் இஞ்சை கிடக்கு.” நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. நாளுக்கு ஏழு குளிசை; விழுங்கிய அரை மணித்தியாலத்தில் விழுங்கினேனா என்று என்னைக் கேட்கிற மனிதர். மகளை இறந்துபோன மனைவியின் பெயரால் கூப்பிடுகிறவர். ஆனாலும் பேனையை எடுத்தேன்.

“இப்பவே சொல்லுங்கோ சேர், எழுதிறன்.”

“எழுதினால் திரும்ப எரிக்கோணும். நான் கடத்துற ஆள், நாட். சேரவேண்டிய ஆளிட்டைத்தான் சொல்லுவன்.” என் பெயர் நடராசா. அவருக்கு நான் நாட்.

அவரைத் தனியே விட்டுப் போகவும் முடியாது. எட்டு ஐம்பதுக்கு இறங்கத் தொடங்கினோம். யெடன், த்வா, த்ஷி.

4. பின்னால் வந்த பெண்

சீசாவிலிருந்து பஸ்ஸில் ஏறினோம். சேர் இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கினார். “நேர போய் இறங்கிறவன் நேர மறியல் கம்பிக்குள்ளை போவான்” என்றார். அப்போதுதான் கவனித்தேன், அவர் வீட்டுச் செருப்போடு வந்திருக்கிறார்.

பல்லரோச் சந்தைக்குள் நுழைந்தோம். கண்ணாடி உள்ள கடை ஒவ்வொன்றிலும் நின்று, பின்னால் யார் வருகிறார் என்று கண்ணாடியில் பார்த்தார். பதினோரு கடை. இறைச்சிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது மெல்லச் சொன்னார்: “ஒரு பெண். ரெண்டு பை. பஸ் தரிப்பிலையிருந்து வாறாள். திரும்பிப் பாக்காதையும்.”

எனக்கும் ஒரு குரல் கேட்டது. மீன்காரர்களின் கூச்சலுக்கு மேலாக, “அண்ணை! நடராசா அண்ணை!” என்று தமிழில். எங்கள் கட்டடத்தின் முதலாம் மாடியில் வேலை செய்யும் மன்னார் றீற்றாவின் குரல். நின்று பதில் சொல்லப் பார்த்தேன். சேர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். எழுபத்தெட்டு வயதுக்காரர் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று நான் நினைக்கவில்லை. வாள்மீன் தலை வைத்திருந்த மேசைக்கும் கூனைப்பூக் குவியலுக்கும் இடையில் புகுந்து, ஒரு சந்தால் வெளியே வந்து, மறுபடி இன்னொரு சந்தால் உள்ளே போனோம். வெளியே வந்தபோது அவருடைய இடது கால் செருப்பு இல்லை. மணி பத்து ஐம்பது.

“சேர், எனக்குப் பன்னிரண்டு மணியோடை முடியுது. என்ரை மனிசி வாறதும் வராததும் இதிலைதான் கிடக்கு. ஒரு துண்டை எரிக்காமல் விட்டிருந்தால் என்ன?”

அங்கேதான் என் குரல் இரண்டாம் தடவையாக உயர்ந்தது. மேலே ஒரு தடவை என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

சேர் சுவரில் கை வைத்து மூச்சு வாங்கினார்.

“சோஷா எண்டொரு பெட்டை எங்களோடை வேலை செய்தவள். சப்பாத்துக்குள்ளை ஒரு துண்டு வைச்சிருந்தவள். நாலு விலாசம். அவளைப் பிடிச்சாங்கள். அண்டு பின்னேரமே நாலு வீட்டுக்கும் போனாங்கள்.”

“எத்தினை பேர், சேர்?”

“நான் எண்ணேல்லை.”

நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். என் கைலேஞ்சியை மடித்து அவருடைய இடது காலில் கட்டிவிட்டேன்.

5. கருமபீடம்

குவெஸ்தூராவின் காத்திருக்கும் அறையில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். முதல் வரிசையில் றீற்றா இருந்தாள். மடியில் சேரின் சப்பாத்துச் சோடி. கையில் அவருடைய இடது கால் செருப்பு.

“எங்கையண்ணை உந்த ஓட்டம்?” என்றாள். “கிழவன் வீட்டுச் செருப்போடை போகுதெண்டு சிஞ்ஞோராவுக்குப் போன் பண்ணி, வாசலிலை கிடந்த சப்பாத்தை எடுத்துக்கொண்டு பின்னாலை வந்தால், என்னைக் கண்டு கள்ளரைப்போலை ஓடுறியள்! மீன்காரன் செருப்பைத் தூக்கி எறியப் பாத்தான். பறிச்சுக்கொண்டு வந்தனான்.”

“நாங்கள் இஞ்சைதான் வருவமெண்டு எப்பிடித் தெரியும்?”

“மூண்டு கிழமையா வியாழன் குவெஸ்தூரா, வியாழன் குவெஸ்தூரா எண்டு படிக்கட்டிலை நிண்டு எல்லாருக்கும் சொன்னது ஆர்? இந்தாங்கோ, ரிக்கற்றும் எடுத்து வைச்சிருக்கிறன். அடுத்தது நீங்கள்தான்.”

சேர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். “வார்சோவிலை கூட என்னை ஒருத்தரும் இவ்வளவு திறமாப் பின்தொடரேல்லை” என்று சொல்லி, குனிந்து அவளுடைய கையில் முத்தமிட்டார்.

“யேசுவே!” என்று றீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள்.

கருமபீடக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் அம்மா நடந்ததைக் கேட்டார். எரிந்துவிட்டது என்றேன். யார் எரித்தது என்றதும் சேரைப் பார்த்தேன். அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தவறுதலாக என்றேன்.

“சீட்டில்லாட்டில் இலக்கமாவது வேணும். இலக்கம் இல்லாமல் நான் தேடேலாது. தொலைஞ்சதெண்டு எழுதிக் குடுத்திட்டு மூண்டு கிழமையாலை வாங்கோ.” நியாயமாகத்தான் சொன்னார். பதினொன்றே முக்கால்.

சேர் எழுந்து வந்து கண்ணாடிக்கு முன் நிமிர்ந்து நின்றார். கண்ணை மூடினார். ஒன்றும் வரவில்லை. நான் இருபது வரை எண்ணினேன். றீற்றா செபமாலையை எடுத்துவிட்டாள். பின்னாலிருந்து ஒருவர், “தாத்தா நித்திரையோ?” என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

அப்போது சேரின் வலது கால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. “ஷெடெம்” என்றார். இடது கால் தட்டியது. “த்வா.”

“என்ன பாஷை இது?” என்றார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மா.

எனக்கு உடனே விளங்கியது. அவர் படி ஏறிக்கொண்டிருக்கிறார். படிக்கு ஓர் இலக்கமாக, வார்சோவில் பழகிய மொழியில் ஏறுகிறார். ஷெடெம் எங்கள் படி வரிசையில் ஏழாவது. நான் இரண்டு வருடம் பக்கத்தில் நின்று ஏழு என்று சொன்ன இடம்.

“செத்தே!” என்று இத்தாலிய மொழியில் கத்தினேன். “ஏழு! பிறகு இரண்டு! எழுதுங்கோ சிஞ்ஞோரா!”

சேர் ஒவ்வொரு காலாகத் தட்டினார். நான் ஒவ்வொன்றாக மாற்றினேன். அவர் போலந்து மொழியில் சொன்னதை நான் தமிழில் எண்ணி இத்தாலிய மொழியில் கொடுத்தேன். சைபருக்கு மட்டும் மாற்றத் தேவைப்படவில்லை. அது போலந்து மொழியிலும் இத்தாலிய மொழியிலும் ஸேரோதான். ஏழாவது இலக்கத்துக்குப் பிறகு நின்றுவிட்டார். றீற்றா, “முடிஞ்சுதோ?” என்றாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். வீட்டிலும் ஏழாவது படியில் நின்றுதான் அவர் மூச்சு வாங்குவார். நான்கு எண்ணினேன். எட்டாவதும் ஒன்பதாவதும் வந்தன.

அந்த அம்மா பெரிய பதிவேட்டைப் புரட்டி விரலை நிறுத்தினார். “நடராசா?”

அதோடு சேர் நிற்கவில்லை; இத்தாலிய மொழிக்கு மாறினார். என் பிறந்த திகதி, போர்கோ வெக்கியோவில் நான் இருந்த அறையின் விலாசம், தகப்பன் பெயர், முத்திரையில் ஒரு மூலை தெளிவில்லாமல் இருந்தது வரை சொல்லிக்கொண்டே போனார். “காணும், காணும்” என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். கடவுச்சீட்டையும் என் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கையொப்பம் வாங்கி, பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கப் புதிய பெர்மெஸ்ஸோவைக் கொடுத்தார்.

சேர் கையை நீட்டினார். “ஒருக்கா வாசிச்சிட்டுத் தாறன்.”

நான் அதைச் சேட்டுக்குள், பெனியனுக்கும் உள்ளே வைத்துப் பொத்தானைப் பூட்டினேன்.

6. இளம் ஆட்களுக்கு

புஷ்பம் இரண்டு மாதமும் ஆறு நாளும் கழித்து வந்து சேர்ந்தாள். சேரைப் பார்க்கக் கூட்டிப்போனேன். படி ஏறும்போது, “ஏனப்பா, என்ன பாஷையிலை எண்ணுறியள்?” என்று கேட்டாள். நானும் போலந்து மொழியில் எண்ணுகிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. வாசலில் அவளையே மணி அடிக்கவிட்டேன். இரண்டு சின்னது, நாலு எண்ணி, ஒரு நீட்டு. சேர் கழுத்துப்பட்டியோடு கதவைத் திறந்து, “இவதானோ அந்த இலக்கம்?” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிரதி எடுங்கள், ஆனால் ஒரே உறைக்குள் வைக்காதீர்கள். நீங்கள் பார்க்கிற முதியவர் தனக்குள் எதையாவது முணுமுணுத்தால், கூடவே சொல்லிப் பழகுங்கள். முக்கியமான இலக்கங்களை மனத்தில் வையுங்கள்.

அந்த ஒன்பது இலக்கங்களும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன, போலந்து மொழியில். இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எரிக்க வேண்டும்.