மரப்படியும் மூடி போட்ட வாளியும்

கம்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்கு ஏற ஒரே ஒரு மரப்படிதான் உண்டு. அது வீட்டுக்காரரின் கூடத்துச் சுவரை ஒட்டி ஏறும். பதினான்கு பலகைகள். எதில் கால் வைத்தாலும் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். கக்கூஸ் கீழே, கொல்லைப்புறத்தில் இருந்தது. வீட்டுக்காரர் கடைவீதியில் மளிகை வியாபாரம் செய்துவந்தார். ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி வரைக்கும் அந்தக் கூடத்தில்தான் கட்டில் போட்டுத் தூங்குவார்.

குடிபோன இரண்டாவது வாரமே என்னை நிறுத்திச் சொன்னார். "ஒங்களக் குத்தம் சொல்லல தம்பி. மரம் அப்பிடி. மத்தியானம் மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க." அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து என் மனைவி சுவரோரமாக, பலகையின் நுனியில் மட்டும் கால் வைத்து இறங்கப் பழகினாள். ஒன்றாம் வகுப்பு படித்த மகளுக்கும் அதைப் பழக்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சத்தத்துக்கு மருந்து தேடினேன். யாரோ சொன்னார்கள் என்று பலகை இடுக்குகளில் விளக்கெண்ணெய் விட்டேன். மூன்று நாள் அமைதியாக இருந்தது. பிறகு அந்த எண்ணெயில் தூசியும் தலைமுடியும் ஒட்டின, கரப்பான் ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது, சத்தமும் திரும்ப வந்தது. அதற்கு மேல் பழைய ஏலக்காய்ச் சாக்குகளை வெட்டி ஆணி அடித்துவிட்டேன். வீட்டுக்காரரின் பூனை அதில் மூத்திரம் பெய்தது. எண்ணெய், சாக்கு, பூனை மூன்றும் சேர்ந்த அந்த வாடையில்தான் தினமும் சாப்பாட்டுத் தூக்குடன் அலுவலகத்துக்கு இறங்கினேன்.

படிக்கு அடியில் கதவு போட்டு ஓர் அறை போல வைத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து பார்த்தால்தான் பலகைகளின் அடிப்பக்கம் தெரியும். அதைத் திறந்துவிட்டால் ஆளைக் கூட்டிவந்து என் செலவிலேயே சரிசெய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் பலமுறை கேட்டேன். உள்ளே சாமான் கிடக்கிறது, யார் எடுத்து வைப்பது என்பார். எட்டு மாதம் இதே பதில்தான்.

அந்தச் சமயத்தில் மயிலாடும்பாறையிலிருந்து என் அப்பா வந்தார். கண் ஆபரேஷன் முடிந்து, மறுபடி டாக்டரிடம் காட்டுவதற்கு ஒரு வாரம் இருந்தது. அதுவரை எங்களோடு இருக்கட்டும் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். எழுபது தாண்டியவர். அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டியிருக்கும். பார்வை சரியாகத் தெரியாததால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் அழுத்தி வைத்து இறங்குவார். முதல் நாள் மத்தியானம் மூன்று முறை இறங்கி ஏறினாராம்.

சாயங்காலம் வாசலில் வீட்டுக்காரர் நின்றார்.

"ஒங்க அப்பா வந்திருக்காக போல. நல்லது. வயசானவுக எத்தன தடவதான் ஏறி எறங்குவாக? மேலயே ஒரு வாளி கீளி வச்சுக்கிட்டா என்ன தம்பி?"

"சரிங்கண்ணே" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது.

பெயிண்ட் வந்த காலி வாளி ஒன்று இருந்தது, மூடியோடு. அதை மாடி அறையின் மூலையில் வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "மத்தியானத்துல மட்டும் இதுல போயிக்கங்கப்பா. படி ஏறி எறங்க ஒங்களுக்குத்தான செரமம்." அவருக்காகவே செய்வதுபோல அதைச் சொன்னேன். அப்பா வாளியைப் பார்த்தார். பிறகு, "சரிய்யா" என்றார். மானாவாரிக் காட்டில் விளைச்சல் போன வருசங்களில்கூட யாரிடமும் போய் நிற்காதவர் அவர்.

நாலு மணிக்கு மேல் என் மனைவிதான் வாளியைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிக் கழுவினாள். மருமகள் அதைத் தூக்குவது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள், அவள் பிள்ளையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், வாளியைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். சாக்கில் கால் தடுக்கியது. அவர் கைப்பிடியைப் பிடித்துத் தப்பினார். வாளி மூடி கழன்று உருண்டது.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது வீட்டுக்காரரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார். சாக்கெல்லாம் நனைந்திருந்தது. அப்பா நாலாவது படியில் உட்கார்ந்து, தன் துண்டால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி இடம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. காய்ந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"பாத்துக் கால் வைக்காமப் போயிட்டேன்யா" என்றார்.

துண்டை வாங்கி நான் துடைத்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே அப்பா கிளம்பிவிட்டார். காட்டில் வேலை கிடக்கிறது, டாக்டரிடம் ஊரில் இருக்கும் உன் தம்பியோடு போய்க்கொள்கிறேன் என்றார். இருங்கள் என்று நான் ஒப்புக்குத்தான் சொன்னேன். அவர் போனது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இரண்டு நாளில் வீட்டுக்காரரே படிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்தார். பலகை இடுக்கு வழியாக மூத்திரம் அவர் சாமான்களின் மேல் சொட்டியிருந்தது. கூடத்தில் படுக்க முடியவில்லை. உள்ளே ஓடாத மின்விசிறியும் செல்லரித்த பழைய பேப்பர் கட்டுகளும் எலிப்புழுக்கையும் காய்ந்துபோன ஒரு மூஞ்சூறும் கிடந்தன. இவற்றைக் காப்பாற்றத்தான் எட்டு மாதம் கதவைப் பூட்டி வைத்திருந்தார்.

குமுளியிலிருந்து ஒரு மரவேலைக்காரரைக் கூட்டிவந்தேன். அடியில் புகுந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், மரம் சுருங்கி ஆணி பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது, மிதிக்கும்போது பலகை ஆணியில் உரசுவதுதான் சத்தம் என்றார். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு ஸ்குரூ முடுக்கினார். இடைவெளிகளில் பசை தடவி மெல்லிய மரச் சீவல்களை அடித்து இறுக்கினார். உரசும் இடங்களில் சைக்கிள் டியூபை நறுக்கி வைத்தார். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"ஒரு காலத்துக்கும் சத்தம் வராது சாரே. இதுக்குப் போயி எண்ணெய் எதுக்கு ஊத்துனீங்க?" என்று கேட்டார். நான் கூலியை எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் என் தோளில் தட்டி, "இன்னிக்குத்தான் தம்பி நல்லா அசந்து தூங்குனேன். ஒங்களமாதிரி குடித்தனக்காரவுக அமையணும்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரித்தேன்கூட. மாடிக்குப் போன பிறகுதான் அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருப்பது தெரிந்தது. கீழே குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினேன்.

அதற்குப் பிறகும் நான்கு வருசம் அதே வீட்டில்தான் இருந்தோம். வாடகை குறைவு, பள்ளிக்கூடம் பக்கம் என்று என் மனைவியிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா ஒவ்வொரு தைக்கும் மொச்சையும் தேங்காயும் கொண்டுவருவார். கீழே வாசலிலேயே பையைக் கொடுத்துவிட்டு, பேத்தியைப் பார்த்துவிட்டு, தேனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விடுவார்.